கோட்டை வழி: பெரம்பலூர், அரியலூர்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட். அரியலூர் பஸ் வர நேரமிருந்ததால் டீக்கடைப் பக்கம் ஒதுங்கினேன்.

''அண்ணே, இது எந்தக் கட்சி ஊரு?'' என்று சும்மா கேட்டு வைத்தேன்.

டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரர் சிரித்தார். ''யாரு கோட்டைக்குப் போறாங்களோ, அவங்க ஊரு தம்பி!''

விரல் விட்டு எண்ணவும் ஆரம்பித்துவிட்டார். 1991-ல் அ.தி.மு.க., 1996-ல் தி.மு.க., 2001-ல் அ.தி.மு.க., 2006-ல் தி.மு.க., 2011, 2016 இரண்டிலும் அ.தி.மு.க., 2021-ல் தி.மு.க. பெரம்பலூரில் ஜெயித்த கட்சிதான் ஏழு தடவையும் ஆட்சியில்! பிற்பாடு நானும் சரி பார்த்தேன்... பிசகில்லை.

பக்கத்து அரியலூர் மட்டும் இளைத்ததா? அ.தி.மு.க. முறை வந்தபோதெல்லாம் அ.தி.மு.க.தான். எதிர்முறையில் மட்டும் 1996-ல் த.மா.கா., 2006-ல் காங்கிரஸ், 2021-ல் உதயசூரியன் சின்னத்தில் ம.தி.மு.க. மூன்றுமே தி.மு.க. கூட்டணி. ஆக, அங்கேயும் ஏழுக்கு ஏழு!

ரகசியம் என்ன? இரண்டுமே யாருக்கும் சொந்த வீடு இல்லை, வாடகை வீடு! அரியலூரில் 2016-ல் வித்தியாசம் 2,043 ஓட்டு. 2021-ல் 3,234. நாலு தெரு மனசு மாறினால் போதும், போர்டு மாறிவிடும்.

அமெரிக்காவிலும் இப்படி ஓர் ஊர் உண்டு. இண்டியானா மாநிலத்தின் விகோ கவுன்ட்டி. 1956 முதல் 2016 வரை அது கை காட்டியவரே ஜனாதிபதி. 2020-ல் டிரம்ப்பைக் காட்டியது, வந்தவர் பைடன். ஜோசியம் காலி!

''எப்பவும் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.! கொடுத்து வச்சவங்க நீங்க'' என்றேன்.

கடைக்காரர் முகம் மாறியது. ''அதை அரியலூர்க்காரங்ககிட்ட போய்ச் சொல்லுங்க!''

நியாயம்தான். 2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டமானது. அதே வருஷம் ஆட்சி மாற, ஊரும் கூடவே மாறியது. எம்.எல்.ஏ. ஆளுங்கட்சிதான். ஆனாலும் 2002-ல் மாவட்டம் ரத்து, பழையபடி பெரம்பலூரோடு சேர்த்தாகிவிட்டது! ஆட்சி மறுபடி மாறி, 2007 நவம்பரில்தான் திரும்பக் கிடைத்தது.

''உங்க ஊருக்கு என்ன குறை அண்ணே?''

''மாவட்டத் தலைநகரு... ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருக்கா? நாங்க என்னமோ ஜெயிக்கிற பக்கம்தான் நிக்கிறோம் தம்பி. ஜெயிச்சவங்க எங்க பக்கம் நிக்கணுமே!''

பஸ் வந்துவிட்டது. காசு கொடுத்துவிட்டு ஓடி ஏறினேன். பெட்டியும் கையுமாகப் பாதிக் கூட்டம், ரயிலைப் பிடிக்க அரியலூர் போகிறது.