நீல மாத்திரையும் நட்சத்திரமும்

தோழிகளே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் வாரந்தோறும் தருகிற நீல இரும்புச்சத்து மாத்திரையை நான் விழுங்கியதே இல்லை. வாயில் ஒதுக்கி வைத்திருந்து, தாமிரபரணிப் படித்துறையில் போட்டுவிடுவேன். “ஏட்டி, மீனுக்குத்தான் ரத்தம் ஊறும்” என்பாள் பக்கத்து வீட்டு அக்கா.

போன மாதம் பிரேயரில் மயங்கி விழுந்தேன். சோதித்ததில் ஹீமோகுளோபின் 8.6. நம் வயதுப் பெண்ணுக்கு 12 வேணுமாம். அம்மா அழுதாங்க.

அறிவியல் டீச்சர் திட்டவில்லை. 1930இல் சந்திரசேகர் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்ட கணக்கைச் சொன்னாங்க. வெள்ளைக் குள்ள நட்சத்திரம் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு எடைதான் தாங்குமாம். அந்த எல்லையை நெருங்கி வெடிக்கிற நட்சத்திரங்கள்தான் இரும்பை ஏராளமாகச் சிதறடிக்கின்றன. நம் ரத்தத்தில் ஓடுவது சூரியனுக்கும் மூத்த இரும்பு. அதைப் போய் ஆற்றில் எறிந்திருக்கிறேன்!

இப்போ டாக்டர் சொன்னபடி தினமும் விழுங்குகிறேன். வயிற்றைப் புரட்டத்தான் செய்யுது. அந்த நேரம் டீயும் கிடையாது. அடுத்த சோதனை பொங்கல் கழிந்து.