ஆயிரம் மலை தேசத்தில் நான் கேட்காத கேள்வி

"அம்மா, இங்க வந்து யார்கிட்டயும் ‘நீங்க என்ன ஆளுங்க’ன்னு மட்டும் கேட்டுடாத. அப்புறம், பாலித்தீன் பை எதுவும் கொண்டு வராத."

ருவாண்டாவுக்கு விமானம் ஏறும் முதல் நாள் மகன் போனில் சொன்னது இவ்வளவுதான். அங்கே 2008-லிருந்தே பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. பருப்புப் பொடி, வடகம், நார்த்தங்காய் எல்லாவற்றையும் எவர்சில்வர் டப்பாக்களில் அடைத்துக்கொண்டேன். அது சுலபம். முதல் விஷயம்தான் கஷ்டம்.

தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான். ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் முதலில் ஊரைக் கேட்பார், கொஞ்ச நேரம் கழித்துத் தெருவைக் கேட்பார். தெரு எதற்கு என்று இரண்டு பேருக்குமே தெரியும். நானும் கேட்டிருக்கிறேன்.

மகன் வேலை பார்க்கும் கிகாலி நகரமே குன்றுகளின் மேல்தான் இருக்கிறது. 1,500 மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் எட்டு நாளும் ஃபேன் போடவே இல்லை. எந்தத் தெருவில் நடந்தாலும் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். பைக் டாக்சிக்காரர் ஏறுவதற்கு முன்பே நமக்கும் ஒரு ஹெல்மெட்டை நீட்டுகிறார். மாதத்தின் கடைசி சனிக்கிழமை காலையில் கடைகளைச் சாத்திவிட்டு எல்லோரும் தெருவைச் சுத்தம் செய்ய இறங்குவார்களாம். ‘உமுகாண்டா’ என்று அதற்குப் பெயர். ராத்திரியில் தெருமுனையில் துப்பாக்கியோடு காவலர்கள் நிற்பதையும் பார்த்தேன். அந்த ஒழுங்கு எனக்குப் பாதி நிம்மதி, பாதி கூச்சம்.

மனசுக்குப் பிடித்தது பால் கடைகள்தான். நம் டீக்கடை மாதிரி, ஆனால் டீக்குப் பதில் பெரிய குவளையில் பால். ‘இகிவுகுதோ’ என்று கேட்டால் புளித்த பால் தருகிறார்கள், நம் கெட்டி மோர் போலவே. தொட்டுக்கொள்ளச் சப்பாத்தி. உப்பு போட்டுக் குடித்த என்னைக் கடைக்காரப் பெண் விநோதமாகப் பார்த்தாள். கைவினைக் கடையில் ‘இமிகோங்கோ’ என்ற சுவர் ஓவியங்கள். சாணத்தில் சாம்பல் கலந்து மேடு மேடாகக் கோடு இழுத்து, காயவைத்துக் கறுப்பும் வெள்ளையும் சிவப்பும் பூசுகிறார்கள். சாணம் மெழுகிய வாசலில் கோலம் போட்டவளுக்கு இது ஒன்றும் அந்நியமாகத் தெரியவில்லை.

கொரில்லா பார்க்கத்தான் முக்கியமாகப் போனேன். ஒரு ஆளுக்கு அனுமதிச் சீட்டு 1,500 டாலர், நம் பணத்தில் ஒன்றேகால் லட்சத்துக்கும் மேல்! அதில் பத்தில் ஒரு பங்கு காட்டைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிறது என்றாலும், கேட்டதும் தலை சுற்றியது. "நீ போ, நான் போட்டோவுல பாத்துக்கறேன்" என்று தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டார் என் வீட்டுக்காரர்.

எங்களை முசான்சேவுக்கு அழைத்துப் போன டிரைவருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. வயதில் பெரிய பெண்களை அங்கே மரியாதையாக ‘மாமா’ என்கிறார்கள். அவர் "மாமா, மாமா" என்று கூப்பிட, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வளைந்து வளைந்து போகும் மலைப்பாதை. என் பிள்ளைகள், பேரன், வீடு எல்லாவற்றையும் விசாரித்தார். பதிலுக்கு நானும் விசாரித்தேன். பெயர், ஊர், குழந்தைகள்... அடுத்த கேள்வி நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முன் சீட்டில் மகன் செருமினான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு எரிமலைத் தேசியப் பூங்கா அலுவலகத்தில் எட்டு எட்டுப் பேராகப் பிரித்தார்கள். என் முழங்காலைப் பார்த்துக் கொஞ்சம் கருணை காட்டினார்கள் என்று நினைக்கிறேன். எங்களுக்கு ‘அமஹோரோ’ குடும்பம். அமைதி என்று அர்த்தமாம். உருளைக்கிழங்கு வயல்களைத் தாண்டி, காட்டெருமை வராமலிருக்கக் கட்டிய கல்சுவரைத் தாண்டி, மூங்கில் காட்டுக்குள் ஏறினோம். சேறும் காஞ்சொறியும்தான் வழி முழுக்க. சுமைதூக்கும் பையன் கையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் நான் பாதியிலேயே உட்கார்ந்திருப்பேன்.

முகக்கவசத்தோடு ஒரே ஒரு மணி நேரம்தான் அனுமதி. நம் சளி அவற்றுக்குத் தொற்றிவிடக் கூடாது. முதுகில் வெள்ளி முடி படர்ந்த தலைவன் மல்லாந்து படுத்திருந்தது. குட்டி ஒன்று அதன் வயிற்றில் ஏறிச் சறுக்கி விளையாடியது. அம்மா கொரில்லா குட்டியின் காதைப் பிரித்துப் பேன் பார்த்ததே, அப்படியே எங்கள் வீட்டுத் திண்ணை! "ஒவ்வொன்றையும் எப்படி அடையாளம் தெரியும்?" என்றேன். "மூக்கைப் பார்த்து" என்றார் வழிகாட்டி. மூக்கின் மேல் உள்ள சுருக்கம் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. 2018-ல் வெளியான கணக்குப்படி உலகத்திலேயே ஆயிரத்துச் சொச்சம் மலைக் கொரில்லாக்கள்தான். மூக்கை வைத்து எண்ணி எண்ணிக் காப்பாற்றுகிறார்கள் என்று சந்தோஷத்தோடு இறங்கி வந்தேன்.

கிகாலி திரும்பியதும் கிசோசியிலுள்ள இனப்படுகொலை நினைவிடத்துக்குப் போனோம். அங்கேயும் மூக்கு. பெல்ஜியக்காரர்கள் ஆண்ட காலத்தில் மனிதர்களின் மூக்கை அளவுகோல் வைத்து அளந்து, ஹுட்டு, டுட்சி என்று பிரித்தார்கள். 1930-களில் அதை அடையாள அட்டையிலும் எழுதினார்கள். 1994-ல் ஏப்ரல் தொடங்கி நூறு நாளில் எட்டு லட்சம் பேருக்கு மேல் கொல்லப்பட்டபோது, சாலையில் மறித்துக் கேட்டது அந்த அட்டையைத்தான். இரண்டரை லட்சம் பேர் அந்த ஒரே வளாகத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். மாடியில் குழந்தைகளின் படங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் பிடித்த சாப்பாடு, பிடித்த விளையாட்டு. பாதியோடு நான் வெளியே வந்துவிட்டேன். இப்போதைய அட்டையில் இனம் என்ற வரியே கிடையாது.

வாசலில் காரோடு அதே டிரைவர். உள்ளே வந்தீர்களா என்று நான் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். கொஞ்ச தூரம் போனதும், எதிரே தெரிந்த ஒரு குன்றை அவராகவே காட்டி, "அதுதான் என் அம்மாவின் மலை" என்றார். இங்கே ஊர் என்றால் மலைதான். அம்மா இருக்கிறாரா, இல்லையா? அவர் சொல்லவில்லை.

"மாமா, உங்கள் மலைக்கு என்ன பெயர்?" என்று கேட்டார்.

எங்கள் ஊரில் மலையே கிடையாது, கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான், உயரமாக இருப்பது கோயில் கோபுரம் மட்டும்தான் என்றேன். அவர் நம்பவில்லை. போனில் இருந்த எங்கள் வயல் படத்தைக் காட்டினேன். வண்டியை ஓரமாக நிறுத்தி, விரலால் பெரிதாக்கி, மலையைத் தேடிக்கொண்டிருந்தார்.