கேட்டு வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள்

அன்புள்ள தம்பிகளே,

எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் தொழில் பழகிய வெல்டர், ஃபிட்டர் பையன்கள் சிங்கப்பூரின் துவாஸ் ஷிப்யார்டுகளுக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். கைவேலையில் நல்ல பெயர் வாங்குகிறார்கள். ஆனால் என்ன சம்பளம், யார் முதலாளி என்றே தெரியாமல் விமானம் ஏறியவர்களை ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்கள் கூடும் தேக்காவில் அடிக்கடி பார்க்கிறேன். ஊரில் கடன், இங்கே கலக்கம். அடுத்து வருகிறவர்களாவது அப்படி நிற்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

வீட்டு நகையை அடகு வைக்குமுன் ஏஜென்டின் உரிமத்தைப் பாருங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்ற ஏஜென்டுகளின் பட்டியல் இருக்கிறது. அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். அதற்கு மேல் ஜிஎஸ்டி மட்டும். ரசீது கேளுங்கள். 'டூரிஸ்ட் விசாவுல போ, அங்க மாத்திக்கலாம்' என்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். ராயபுரம், காசிமேட்டுப் பையன்கள் கப்பல் வேலைக்குப் போவதானால், ஆள் எடுக்கும் கம்பெனியிடம் மாலுமிகளை வேலைக்கு அனுப்புவதற்கான ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை வாங்கித் தருவதற்கென்று மாலுமியிடம் பணம் கேட்பது சட்ட விரோதம்.

சிங்கப்பூர் வருகிறவர்களுக்கு, வேலை அனுமதிக்கான முன் ஒப்புதலான ஐ.பி.ஏ. கடிதம்தான் பிடிமானம். புறப்படுமுன்பே, உங்கள் தாய்மொழியில், முதலாளி அதை அனுப்பியாக வேண்டும். அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும். ஏஜென்ட் வாயால் சொன்ன தொகை அதில் இருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். ஒரு படம் போனில் இருக்கட்டும்.

பத்தாம் வகுப்பு முடிக்காமல் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போகிறவர்கள் அரசிடம் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். அதோடு எடுக்கும் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய்தான். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம் கிடைக்கும்.

பெட்டி கட்டும்போது, அம்மா அரைத்துத் தரும் மசாலாவில் கசகசா இருக்கிறதா என்று கேளுங்கள். அமீரகத்திலும் சவுதியிலும் அது போதைப்பொருள் கணக்கில் வரும், சிறைவரை கொண்டுபோய்விடும். மாத்திரையை அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் எடுத்து வாருங்கள். 'இதைக் கொஞ்சம் அங்கே கொடுத்துடு' என்று யார் நீட்டினாலும் பார்சலை வாங்காதீர்கள்.

சிங்கப்பூர் வந்த பிறகு, புரியாத வேலைக்குத் தலையாட்டாதீர்கள். சாரத்தின் மேல் நிற்கும்போது அரைகுறையாகப் புரிந்துகொண்டது உயிருக்கே உலை வைக்கும். அடிபட்டால் சின்னக் காயம் என்று மறைக்காமல் அன்றைக்கே சொல்லி, மருத்துவரிடம் சீட்டு வாங்குங்கள். வேலையில் அடிபட்டால், தவறு யாருடையதாக இருந்தாலும் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் கோர இங்கே சட்டம் இடம் தருகிறது. 2016 ஏப்ரல் முதல் சம்பளச் சீட்டும் கட்டாயம். மாதாமாதம் வாங்கிச் சேர்த்து வையுங்கள்.

கூட வேலை செய்யும் பங்களாதேஷ்காரரையும் சீனரையும் பெயர் கேட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஆபத்தில் முதலில் கை கொடுக்கப்போவது அவர்கள்தான்.

1918-ல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களின் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்த வடசென்னையின் பிள்ளைகள் நீங்கள். உழைப்புக்கு உரியதைக் கேட்டு வாங்குவது நம் ஊர் வழக்கம். மீனம்பாக்கத்தில் அதை விட்டுவிட்டு விமானம் ஏறாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்,
சிங்கப்பூர்