தென்காசிக் கோபுரமும் வந்தியத்தேவன் குதிரையும்

"சாரல் விழ ஆரம்பிச்சாச்சு. வாறதுன்னா இப்பமே வா. அருவி உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காது!" என்று தென்காசியிலிருந்து அத்தை டெலிபோனில் உத்தரவு போட்டாள். எண்பது வயதைத் தாண்டிவிட்ட அந்த அத்தையின் உத்தரவை மீறும் தைரியம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. மறுநாள் இரவே பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

ராஜபாளையம் தாண்டியதும் மேற்கே மலைத்தொடர் கூடவே வர ஆரம்பித்தது. தென்காசியில் இறங்கியபோது வானம் மூடியிருந்தது. மழை என்று சொல்ல முடியாது. மழை இல்லை என்றும் சொல்ல முடியாது. பன்னீர்ச் செம்பை யாரோ மேலேயிருந்து லேசாக உதறுவது போன்ற தூற்றல். குற்றாலச் சாரல் என்று ஊரெல்லாம் புகழ்கிறார்களே, அது இதுதான்.

வீட்டுக்குள் நுழைந்தால் அங்கே ஒரு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஒரு கட்சி அத்தை; எதிர்க் கட்சி கல்லூரியில் படிக்கும் அவளுடைய பேத்தி. சண்டைக்குக் காரணம் சொத்தும் அல்ல, சமையலும் அல்ல. பொன்னியின் செல்வன்!

இந்த வீட்டில் பொன்னியின் செல்வன் ஒரு புத்தகம் அல்ல. குடும்பத்தில் ஓர் அங்கத்தினர். கல்கி பத்திரிகையில் 1950 அக்டோபர் கடைசியில் ஆரம்பித்து 1954 மே மாதம் வரை மூன்றரை வருஷத்துக்கு மேல் வெளிவந்த தொடர்கதை அது. வாரா வாரம் அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, மணியம் வரைந்த சித்திரங்களோடு சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தார் என் தாத்தா. ஐந்து பாகம், 293 அத்தியாயம். கடைசி அத்தியாயம் வந்த வாரம் அத்தைக்குப் பதின்மூன்று வயது. மணிமேகலை உயிர் துறக்கும் இடத்தைப் படித்துவிட்டு அன்று முழுவதும் சாப்பிடாமல் அழுதாளாம். அந்தக் கதையை அவள் வாயால் நாங்கள் நூறு தடவையாவது கேட்டிருப்போம்.

அப்பேர்ப்பட்ட மணிமேகலை சினிமாவில் இல்லவே இல்லை என்று 2023-ல் யாரோ வந்து சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான்! "அவ இல்லாம என்ன பொன்னியின் செல்வன்? அந்தப் படத்தை நான் பார்க்க மாட்டேன்" என்று அத்தை சபதம் எடுத்துவிட்டாள். படத்தின் இரண்டு பாகங்களையும் மனப்பாடமாக வைத்திருக்கும் பேத்தி அந்தச் சபதத்தை முறிக்கத்தான் அன்றும் முயன்றுகொண்டிருந்தாள்.

"மாமா வந்தாச்சு. அவாளே தீர்ப்புச் சொல்லட்டும்" என்றாள் பேத்தி.

"முதலில் கோயில்; அப்புறம் அருவி; தீர்ப்பு கடைசியில்" என்று சொல்லித் தப்பித்தேன்.

தென்காசி காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுரம் ஒன்பது நிலை. அதன் வாசலில் நுழைகிறவர்களை ஒரு காற்று எதிர்கொண்டு வரவேற்கும். பொதிகை மலையிலிருந்து வரும் தென்றல் என்பார்கள் ஊர்க்காரர்கள். சாரல் நாட்களில் அது வரவேற்பதோடு நிற்காமல் வேஷ்டியையும் சோதித்துப் பார்க்கிறது! ஒரு கையால் வேஷ்டியையும் மறு கையால் அத்தையையும் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

மதுரையை இழந்த பாண்டியர்கள் பிற்காலத்தில் இருந்து ஆண்ட ஊர் இது. 1446-ல் பராக்கிரம பாண்டியன் இந்தக் கோயில் வேலையை ஆரம்பித்தான். அவன் பொறித்து வைத்த கல்வெட்டுப் பாடல்களைப் பற்றித் தமிழறிந்தவர்கள் உருகிப் பேசுவார்கள். பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதேனும் குறை நேருமானால் அதைச் சீர்செய்து காக்கப் போகிறவர்கள் யாரோ, அவர்களுடைய பாதங்களில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்று அந்த ராஜா சொல்லியிருக்கிறான். என்ன அடக்கம் பாருங்கள்! பெயர் தெரியாத, இன்னும் பிறக்கவே பிறக்காத மனிதர்களுக்கு ஒரு ராஜாவின் நமஸ்காரம்.

அவன் பயந்தது போலவே ஆயிற்று. கோபுரம் பிற்காலத்தில் சிதைந்து, பிளந்து, நெடுங்காலம் மொட்டையாகவே நின்றது. அத்தையின் இளமைக் காலம் முழுவதும் அவள் பார்த்தது அந்த மொட்டைக் கோபுரத்தைத்தான். புதிதாக எழுப்பிக் கும்பாபிஷேகம் செய்தது 1990-ல்.

"புதுக் கோபுரம் எழும்பினப்ப, 'பழசு மாதிரி வருமா?'ன்னு கேட்டவங்க இருந்தாங்க" என்றாள் அத்தை.

"நீங்க கேட்டீங்களா, ஆச்சி?" என்றாள் பேத்தி.

அத்தை பதில் சொல்லவில்லை.

அவள் மௌனமாக இருந்த சமயம் பார்த்து, சினிமாவின் கதையை நான் எடுத்தேன். பொன்னியின் செல்வனைப் படமாக்கப் போவதாக 1958-லேயே எம்.ஜி.ஆர். அறிவித்தார். அது நடக்கவில்லை. கமலஹாசனும் ஆசைப்பட்டார். மணிரத்னமே ஒன்றுக்கு மேற்பட்ட தடவை ஆரம்பித்து ஆரம்பித்து விட்டார். 1999-ல் சென்னையில் மேஜிக் லான்டர்ன் குழுவினர் அதை மேடை நாடகமாக்கிக் காட்டினார்கள். அந்த நாடகத்தை எழுதிய இளங்கோ குமரவேலும், ஜெயமோகனும், மணிரத்னமும் சேர்ந்து திரைக்கதை அமைக்க, 2022 செப்டம்பரில் முதல் பாகமும் 2023 ஏப்ரலில் இரண்டாம் பாகமும் வெளிவந்தன. மொட்டைக் கோபுரம் போலவே இதுவும் நெடுங்காலம் ஆளுக்காகக் காத்திருந்த வேலைதான்!

"நம்ம ராசாவோட தலையைக் கொய்தவன் கதை. பாண்டிய நாட்டுல இருந்துக்கிட்டு இதுக்கு நாம சண்டை போடுதோம்" என்று அத்தை சிரித்தாள். வாஸ்தவம்தான். வீரபாண்டியனைக் கொன்ற ஆதித்த கரிகாலனைப் பழிவாங்கத் துடிக்கும் சதிகாரர்களெல்லாம் கதையில் பாண்டிய நாட்டுக்காரர்கள். ஆயினும் இந்த ஊர்ப் பெண்களின் மனம் என்னவோ குதிரையேறி வந்த வாணர் குல வீரனோடுதான் போய்விட்டது!

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர் தூரம். வழியில் மேலகரம். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். அதைத் தாண்டினால் வழியெல்லாம் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்த கடைகள்.

குற்றாலம் என்றதும் அருவிக்கு அடுத்தபடி நினைவுக்கு வர வேண்டியவர் ரசிகமணி டி.கே.சி. அவர் வீட்டுக்கு ராஜாஜி வருவார், கல்கி வருவார். அருவியில் ஸ்நானம், வயிறு நிறையச் சாப்பாடு, அப்புறம் கம்பன் என்று பொழுது போகுமாம். அந்த டி.கே.சி. செய்த ஒரு காரியம் எங்கள் வழக்குக்கு மிகவும் சம்பந்தப்பட்டது.

கம்பராமாயணத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் இருக்கின்றன. அத்தனையும் கம்பன் வாக்கு அல்ல, பிறர் நுழைத்தவை ஏராளம் என்றார் டி.கே.சி. தம் மனசுக்கு இது கம்பன்தான் என்று பட்டவற்றைத் தேர்ந்தெடுத்துப் பதிப்பித்தார். பண்டிதர்கள் சும்மா இருப்பார்களா? "கம்பனை வெட்ட இவர் யார்?" என்று கோபித்தார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் பெரிய புத்தகத்தைக் கண்டு பயந்து ஒதுங்கிய எத்தனையோ பேர் டி.கே.சி. காட்டிய வழியில்தான் கம்பனிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

சினிமாக்காரர்களின் சங்கடமும் இதுதான். வாரப் பத்திரிகைக்காரர் வாரம் தவறாமல் ஒரு முடிச்சுப் போட்டு 'தொடரும்' என்று நிறுத்தலாம். வாசகர் ஏழு நாள் அந்த முடிச்சோடு வாழ்வார். சினிமாவில் 'இடைவேளை' ஒன்றுதான் உண்டு. 293 அத்தியாயங்களை இரண்டு பாகமும் சேர்ந்து சுமார் ஐந்தரை மணி நேரத்தில் சொல்லியாக வேண்டும். கரிகாலன் எப்படி இறந்தான் என்பதைக் கல்கி இருட்டிலேயே விட்டு வைக்கலாம். காமிரா அந்த இருட்டில் விளக்கேற்றத்தான் வேண்டியிருக்கிறது.

கடல் கடந்த தேசங்களிலும் இதே கதைதான். பொன்னியின் செல்வன் முடிந்த அதே 1954-ல் இங்கிலாந்தில் டோல்கீன் எழுதிய 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் பாகம் வெளிவந்தது. 2001-லிருந்து பீட்டர் ஜாக்ஸன் அதை மூன்று படங்களாக எடுத்தபோது, காட்டில் பாடித் திரியும் டாம் பாம்படில் என்ற பாத்திரத்தை அடியோடு விட்டுவிட்டார். உலகம் முழுவதும் படங்களைக் கொண்டாடியவர்களில் "எங்கே எங்கள் பாம்படில்?" என்று இன்றும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊர் அத்தைகள்!

பேசிக்கொண்டே பேரருவிக்கு வந்து சேர்ந்தோம். மேலேயிருந்து பாய்ந்து வரும் வெள்ளம் நேராக நம் தலையில் விழுவதில்லை. பாதி வழியில் பாறையில் பொங்குமாங்கடல் என்று ஓர் ஆழமான பள்ளம். முதலில் அதில் விழுந்து, வேகம் அடங்கி, மறுபடி பொங்கி வழிந்த பிறகே கீழே வருகிறது. அந்தப் பள்ளம் மட்டும் இல்லாவிட்டால் இங்கே ஸ்நானம் செய்ய எந்தத் தலையும் தாங்காது. நான் குளித்துவிட்டு வந்து, "அத்தை, திரைக்கதை எழுதுகிறவர்கள் செய்வதும் இந்தப் பள்ளத்தின் வேலைதான்" என்றேன்.

"தண்ணி பூரா கீழ வந்துருதுல்லா? பள்ளம் ஒரு சொட்டும் வச்சுக்கிடலையே. மணிமேகலை வரலையே!" என்றாள் அத்தை. வாயடைத்துப் போனேன்.

பிறகு சித்திர சபைக்குப் போனோம். நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளில் ஒன்று இது. தில்லையில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம், குற்றாலத்தில் சித்திரம். மற்ற சபைகளில் விக்கிரகமாக ஆடுகிறவர் இங்கே சுவரில் வர்ணமாக ஆடுகிறார். உள்ளே சுவரெல்லாம் ஓவியங்கள். சாரல் ஓசை ஒன்றைத் தவிர வேறு சப்தமில்லை.

அந்த நிசப்தத்தில்தான் பேத்தி மெதுவாகச் சொன்னாள்: "ஆச்சி, படம் பார்க்குறதுக்கு முந்தி நான் உங்க புஸ்தகத்தைத் தொட்டதே இல்ல. படம் பார்த்த பிறகுதான் அஞ்சு பாகத்தையும் எடுத்துப் படிச்சேன். மணிமேகலைன்னு ஒருத்தி இருக்கான்னே அப்பதான் தெரியும். கடைசி அத்தியாயம் படிச்ச அன்னைக்கு ஹாஸ்டல்ல நானும் சாப்பிடல."

அத்தை அவளை வெகு நேரம் பார்த்தாள். "இத்தனை நாளா ஏன்ட்டி சொல்லல?" என்றாள்.

"நீங்க எங்க என்னைச் சொல்ல விட்டீங்க?"

எனக்கு என்னென்னவோ நினைவுக்கு வந்தது. டி.கே.சி. 1954 பிப்ரவரியில் காலமானார். தம் சிநேகிதரின் தொடர்கதை பத்திரிகையில் முடிவதைப் பார்க்க அவர் இல்லை. முடித்துவைத்த கல்கியும் அந்த டிசம்பரிலேயே போய்விட்டார். கதை மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது. 1999-ல் கல்கியின் எழுத்துக்கள் நாட்டுடைமையான பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடுகிறார்கள், படிக்கிறார்கள். அறுபத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு பெண் அதே அத்தியாயத்துக்குச் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள், சினிமா காட்டிய வழியில் போய்!

அன்று இரவு அத்தை தன் சபதத்தை முறித்தாள். வெளியே சாரல் அடிக்க, கூடத்தில் டெலிவிஷன் முன் இரண்டு பாகத்தையும் இரண்டு இரவில் பார்த்து முடித்தாள். மூன்றாம் நாள் காலை காபி கொடுக்கும்போது அவள் வழங்கிய தீர்ப்பை அப்படியே தருகிறேன்:

"குதிரையில வாறான் பாரு, அவன் வந்தியத்தேவன்தான். கடல்ல புயல் அடிக்கிறது நான் நினைச்சதைவிடப் பெருசு. ஆனா ஒரு இடத்துலயும் எனக்கு அழுகை வரல. அது புஸ்தகத்துல இருக்கு. இருக்கட்டும்."

நான் ஊருக்குப் புறப்பட்டபோது பைண்டு புத்தகங்கள் ஐந்தும் பேத்தியின் மேஜைக்கு இடம் மாறியிருந்தன.