கையெழுத்துப் போடுவது மீன்

கொடுவா ஊன் தின்னும் மீன். சென்னையில் இயங்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் 1997இல் அதை வளர்ப்புச் சூழலிலேயே முட்டையிட வைத்தது. குஞ்சு கிடைத்ததும் அடுத்த கேள்வி எழுந்தது: இதற்கு என்ன போடுவது? இழுவலைப் படகுகள் அள்ளிவரும் விலைபோகாத சிறுமீன்களான சங்காயத்தைத்தான் பண்ணைக்காரர்கள் பல காலம் போட்டார்கள். ஒரு கிலோ கொடுவாவுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் அது செலவாகும். தினமும் கிடைக்காது, தண்ணீரையும் கெடுக்கும். உலர்ந்த குச்சித் தீவனம் என்றால் ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோவுக்குள் முடிந்துவிடும்.

அந்தக் குச்சித் தீவனத்தோடு வாழ்நாளைக் கழித்த விஞ்ஞானி ஒருவரைப் பார்க்கத்தான், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கழியை ஒட்டியிருந்த அந்த ஆய்வுக் கூடத்துக்குப் போனேன். கூரைக்கு அடியில் வரிசையாகத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் காற்றுக் குழாய், பக்கத்திலேயே ஓர் எண். முதல் நான்கு தொட்டிகளிலும் ஒரே தீவனமா என்று கேட்டேன். "இல்லை. ஒரு தீவனத்துக்கு மூணு தொட்டி. ஆனா சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் எது எங்கேன்னு முடிவு பண்ணுவோம்," என்றார். வாசலருகே இருக்கும் தொட்டியில் ஆள் நிழல் அடிக்கடி விழும். அங்கே மீன் குறைவாகத் தின்னும். ஒரே தீவனத்தை அடுத்தடுத்து வைத்தால் நிழலின் குற்றம் தீவனத்தின் மேல் விழுந்துவிடும்.

அவருடைய வேலையை ஒரே வரியில் சொல்லலாம்: தீவனத்திலிருந்து மீனைக் கழிப்பது. குச்சித் தீவனத்திலும் மீன்தூள் இருக்கிறது. ஒரு கிலோ மீன்தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சை மீன் வேண்டும். வளர்ப்பு மீனுக்காகக் கடல் மீனை அரைப்பது நெடுநாள் ஓடாது என்று உலகம் உணர்ந்துகொண்டது. நார்வேயில் சால்மன் தீவனத்தில் 1990இல் 90 விழுக்காடு அளவுக்குக் கடல் பொருள்கள் இருந்தன. 2013இல் அது 30 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிட்டது.

மீன்தூளுக்குப் பதில் சோயாவைக் கொட்டிவிட்டால் ஆயிற்றா? சோயாவில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. செரிமான நொதியைத் தடுக்கும் பொருள் அதில் உண்டு, சூடுபடுத்தினால்தான் அடங்கும். அதில் இருக்கும் பாஸ்பரஸில் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற சேர்மமாகப் பூட்டிக் கிடப்பதால் மீனுக்குப் பயன்படாமல் தண்ணீரில் சேரும். பெரும்பாலான மீன்களின் உடல் வைட்டமின் சி-யைத் தயாரிப்பதில்லை. தீவனத்தில் குறைந்தால் முதுகெலும்பு வளைந்துபோகும். ஆலையின் சூட்டில் அந்த வைட்டமின் எளிதில் அழியும் என்பதால் சூடு தாங்கும் வடிவத்தில் சேர்க்க வேண்டியிருக்கிறது. "கணக்கெல்லாம் நாம போடலாம். கையெழுத்து மீன்தான் போடணும்," என்று சிரித்தார்.

அந்தக் கையெழுத்தை வாங்கித் தருகிறவர் வேறொருவர். அரைக்கால் சட்டையோடு நின்றிருந்த தொழிலாளி ஒரு பிடி தீவனத்தை வீசினார். மீன்கள் தண்ணீரைக் கிழித்து வந்தன. அடுத்த பிடி கொஞ்சம் சிறியது. மூன்றாவதில் நான்கைந்து குச்சிகள்தான். கை நின்றுவிட்டது. இன்னும் போடலாமே என்றேன். "மேல வர்ற வேகம் கொறஞ்சிடுச்சு சார். இதுக்கு மேல போட்டா தின்னாது, ஊறி அடியில நிக்கும். நின்னா கணக்கு தப்பிடும்," என்றார். வாளியில் மிஞ்சியதை எடை போட்டு நோட்டில் எழுதினார். மீன் தின்னாத குச்சியும் தின்றதாகவே கணக்கில் ஏறும். நல்ல தீவனமும் மோசமான தீவனமாகத் தெரியும்.

செரிமானச் சோதனை இன்னும் பொறுமை கேட்பது. தீவனத்தில் குரோமிக் ஆக்சைடு என்ற பச்சைப் பொடியைச் சிறிதளவு கலக்கிறார்கள். அது குடலில் கரையாது, உறிஞ்சப்படாது. கழிவில் அது எத்தனை மடங்கு செறிந்திருக்கிறது என்று பார்த்தால் மற்றதில் எவ்வளவு உடம்பில் சேர்ந்தது என்பது தெரிந்துவிடும். ஆனால் கழிவு தண்ணீரில் கரைவதற்குள் அதைப் பிடிக்க வேண்டும். ஒருவர் குனிந்து, மெல்லிய ரப்பர் குழாயால் பச்சை இழைகளை உறிஞ்சித் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தார். கை நடுங்கினால் இழை உடையும். உடைந்தால் சத்து நீரில் கரைந்துபோய், செரித்துவிட்டதாகப் பொய்க்கணக்குக் காட்டும்.

குஞ்சுத் தொட்டிகளில் வேறு தொல்லை. கொடுவாக் குஞ்சு தன் நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கும் இன்னொன்றையும் விழுங்கிவிடும். சில நாளுக்கொரு முறை சல்லடைத் தட்டில் அலசிப் பெரியதையும் சிறியதையும் பிரிக்கிறார்கள். பிரிக்கத் தவறினால் எண்ணிக்கை குறையும், மிஞ்சியவை கொழுக்கும். தீவனம் பிரமாதம் என்று அட்டவணை சொல்லும்.

எட்டு வாரச் சோதனையின் முடிவில் மீன்களை ஒரு நாள் பட்டினி போட்டு, கிராம்பு எண்ணெயில் மயக்கி, எடை பார்க்கிறார்கள். பட்டினி போடாவிட்டால் வயிற்றில் இருக்கும் தீவனமும் வளர்ச்சியாகக் கணக்கில் வந்துவிடும்.

இத்தனை ஆண்டு உழைப்பில் மிஞ்சியது என்ன என்று கேட்டேன். மீன்தூளைக் குறைத்த கலவைகளையோ, கட்டுரைகளின் எண்ணிக்கையையோ அவர் சொல்லவில்லை. புதிதாகச் சேரும் ஆய்வு மாணவர்களுக்கு அவர் வைத்திருக்கும் விதியைச் சொன்னார்: முதலில் தொழிலாளியோடு நின்று கையால் தீவனம் போட்டுப் பழக வேண்டும், கணினியில் எண்ணை ஏற்றுவது பிறகுதான். பண்ணைக்காரரின் செலவில் பாதியோ அதற்கு மேலோ தீவனத்துக்கே போகிறது. அவர் தண்ணீரில் கொட்டும் பணத்தைக் குறைப்பதாகச் சொல்லும் எண், எந்தக் கை எப்போது நின்றதால் வந்தது என்பது அதை எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?