கலந்தபின் பிரியாத குரல்

அம்மம்மாவின் தாலாட்டைப் பதிந்துவைக்க விரும்பி, வீட்டு மூலையொன்றில் சிறியதோர் ஒலிப்பதிவுக்கூடம் அமைத்தோம். திருகுவிசைகள் மலிந்த மிக்ஸர் ஒன்றின் தோற்றத்தில் மயங்கி அதனையே வாங்கினோம். (கடைக்குப் போனால் எங்களுக்கு எப்பொழுதும் இதே கதைதான்.) நான்கு ஒலிவாங்கிகளைப் பொருத்தலாம், ஆயினும் கணினிக்கு அது அனுப்பியதோ இடம், வலம் என்னும் இரு தடங்களில் முன்னரே கலந்துவிட்ட ஒலியை. பெரியப்பாவின் ஆர்மோனியம் ஓங்கி ஒலிக்க, அம்மம்மாவின் குரல் அதனுள் அமுங்கிற்று. பின்னர் குரலை மட்டும் உயர்த்த வழியில்லை.

மேடைக்கு மிக்ஸரே ஏற்றது, மறுப்பாரில்லை. எங்கள் தேவையோ வேறு. இரு ஒலிவாங்கிகளுக்குரிய ஓடியோ இன்டர்பேஸ் ஒன்றைத் தேடி வாங்கினோம். கைக்கு அடங்கிய பெட்டி. எனினும் ஒவ்வோர் ஒலியையும் தனித்தடத்திற் கணினிக்குச் சேர்ப்பிக்கும். கண்டென்சர் ஒலிவாங்கிக்கு வேண்டிய 48 வோல்ட் மின்னையும் தானே வழங்கும்.

அம்மம்மாவுக்கு இப்பொழுது இரண்டு அடிக்கு மேல் மூச்சு நிற்பதில்லை. நாளொன்றுக்கு இரண்டடியாகப் பதிந்து வருகிறோம்.