பத்துமலையில் தொடங்கும் இமயம்

இமயமலைக்குப் போகிறேன் என்று சொன்னால் நம்மவர்கள் முதலில் கேட்பது, “கைலாயமா, முக்திநாத்தா?” என்பதுதான். இரண்டும் இல்லை, ஐலண்ட் பீக் என்றால், “அங்கே என்ன கோயில்?” என்கிறார்கள்.

கோயில் எதுவும் இல்லை. நேபாளத்தில், எவரெஸ்ட் வட்டாரத்தில், 6,000 மீட்டரைத் தாண்டி நிற்கும் பனிமலை அது. எரிக் ஷிப்டனின் குழுவினர் பார்த்தபோது, பனிக்கடலுக்கு நடுவே ஒரு தீவு போலத் தெரிந்ததாம். 1983-இல் இம்ஜா சே என்று பெயர் மாற்றினார்கள். ஆனாலும் மலையேறுபவர்கள் வாயில் பழைய பெயர்தான். 1953-இல் எவரெஸ்ட் ஏற வந்த பிரிட்டிஷ் குழுவினர் சிலர் இதில் ஏறிப் பயிற்சி எடுத்தார்கள். அவர்களுக்கு அது ஒத்திகை. எனக்கு அதுவே எவரெஸ்ட்!

வழிகாட்டியுடன் அக்டோபரில் புறப்படும் குழு ஒன்றில் பெயர் கொடுத்திருக்கிறேன். அதற்கான பயிற்சி தொடங்கி எட்டு மாதமாகிறது.

வானொலியில் எனக்கு மாலை நிகழ்ச்சி. அதனால் வாரத்தில் இரண்டு நாள், காலை ஆறு மணிக்கே பத்துமலையில் நிற்பேன். தைப்பூசத்தன்று ஒரு முறை ஏறி மூச்சு வாங்கும் அதே 272 படிகளை, முதுகில் பத்து கிலோ அரிசியுடன் பத்து முறை ஏறி இறங்க வேண்டும். பூக்கடை அக்கா ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்: “பையில என்னம்மா?” அரிசி என்றேன். “மேல அன்னதானமா?” என்றார்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடையைப் பதம் பார்க்கிறது. வேகத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஏற முடிந்தால் அது சரியான வேகம். இது எனக்கு வசதியாகிவிட்டது. அன்றைய நிகழ்ச்சிக்கான குறிப்புகளைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறுகிறேன். குரங்குகளைத் தவிர யாரும் குறை சொன்னதில்லை. வார இறுதியில் உலு லங்காட்டில் 1,493 மீட்டர் உயரமுள்ள குனோங் நுவாங். அந்த நீண்ட மண்பாதையில் பொறுமையும் சேர்ந்தே பழகும்.

ஆனால் கால் எவ்வளவு பலமாக இருந்தாலும் காற்று வேறு விஷயம். மலை உச்சியிலும் காற்றில் பிராணவாயுவின் பங்கு ஏறக்குறைய 21 விழுக்காடுதான். குறைவது காற்றழுத்தம். 5,500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான், அதனால் ஒவ்வொரு மூச்சிலும் பாதிதான் கிடைக்கிறது. உடற்பயிற்சி செய்தவரை மலைநோய் தாக்காது என்று நினைப்பது தவறு. பலசாலிகள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்கு ஆபத்து கூடவும் செய்யலாம். 3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வோர் இரவும் தூங்கும் உயரம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் விதி. எங்கள் பயணத் திட்டம் அதனால்தான் நீளம். விமானம் இறங்கும் லுக்லா 2,860 மீட்டர், அடுத்துவரும் நாம்சே பஜார் 3,440. அங்கேயே ஒரு நாள் தங்கிவிடுவோம்.

உடம்பு உயரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க நம் நாட்டில் ஒரே இடம்தான், 4,095 மீட்டர் கினபாலு. ஏப்ரலில் போனேன். அங்கே வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதியில்லை. 1,866 மீட்டரில் திம்போஹோன் வாயிலில் தொடங்கி அன்றே 3,272 மீட்டர் பனலாபானுக்கு ஏறிவிடுகிறோம். இமயத்தில் இந்த அவசரம் கிடையாது. இரவு உணவு எனக்கு இறங்கவில்லை, லேசாகத் தலைவலி. எங்கள் வழிகாட்டி எதிரில் வந்து உட்கார்ந்து என்னைப் பேசவிட்டார். நிகழ்ச்சி, சம்பளம், அம்மா சமையல் என்று என்னென்னவோ கேட்டார். பேச்சு குழறுகிறதா என்று பார்த்தார் என்பது பிறகுதான் புரிந்தது.

மறுநாள் அதிகாலை இரண்டரைக்குக் கிளம்பினோம். குழுவில் எங்கள் எல்லாரையும்விடத் தெம்பானவர் ஒரு மாரத்தான் ஓட்டக்காரர். 3,668 மீட்டர் சாயாட் சாயாட்டில் அவர் நடை தள்ளாடியது. “இறங்கலாம்” என்றார் வழிகாட்டி, குரலை உயர்த்தாமல். அவர் வாதாடினார், கெஞ்சினார், பிறகு கோபப்பட்டார். வழிகாட்டி அசையவில்லை. துணை வழிகாட்டியுடன் அவர் இருட்டில் இறங்கியதைப் பார்த்தபோது எனக்கே தொண்டை அடைத்தது. கீழே வந்ததும் அவருக்குத் தெளிந்துவிட்டது. 2015 ஜூன் 5 நிலநடுக்கத்தில் இந்த மலையில் 18 பேர் இறந்தார்கள். அவர்களில் வழிகாட்டிகளும் உண்டு. அவர்கள் ‘இறங்கு’ என்றால் எதை அறிந்து சொல்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சாமான்களைப் பற்றிப் பேசினால் பக்கம் போதாது. பனியில் நடக்கக் காலணியில் மாட்டும் கிராம்பான், கயிற்றில் ஏற ஜூமார். தடித்த கையுறையுடன் ஜூமாரை மாட்டிக் கழற்ற உள்ளரங்கச் சுவரில் பழகுகிறேன். கனத்த பனிக்காலணியைக் காட்மாண்டுவில் வாடகைக்கு எடுப்பேன். இங்கே வாங்கிவிட்டு கெந்திங்கிலா போடுவது? வறண்ட குளிர்காற்றில் வரும் ‘கும்பு இருமல்’தான் என் தனிக் கவலை. “போன குரல் திரும்பி வருமா?” என்று நிலையத்தில் இப்போதே கேட்கிறார்கள்.

அம்மாவைச் சம்மதிக்க வைத்தது நானில்லை. 1997 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியில் கால் வைத்த முதல் மலேசியர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும். அந்த நாளிதழ்ப் பக்கத்தை அம்மா வெட்டி வைத்திருந்தார். “நம்ம பிள்ளைங்க” என்று அன்று ஊரெல்லாம் சொன்னவருக்கு, இன்று என்னை மறுக்க வாய் வரவில்லை. ஆனால் அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். அதனால் குழுவின் படிவத்தை வரி விடாமல் வாசித்தார். ஹெலிகாப்டர் மீட்புக்கான காப்புறுதி, உயர வரம்பு (சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பலவும் இந்த உயரத்துக்குச் செல்லாது), எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை. அதில்தான் விரல் நின்றது.

“உச்சிக்குப் போகாம திரும்பினா காசைத் தருவாங்களா?”

“தர மாட்டாங்கம்மா.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்படித் திரும்பி வந்தா அந்தக் காசை நான் தர்றேன்” என்று சொல்லிவிட்டு, அவசரத் தொடர்புக்கான கட்டத்தில் தன் கைப்பேசி எண்ணை எழுதினார்.